கஸ்பார் வீட்டு டார்ச்சுக்கு மூன்று செல்

தூத்துக்குடியில், மீன்களை ஐஸில் வைக்கிற கூடத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கிற எங்கள் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தில், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே இருக்கிற பதினெட்டுப் படிகளில், ஓர் ஆடி மாதத்து வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போன வெளிச்சம், கரண்ட் திரும்பி வந்த பிறகும் வரவில்லை. பல்பு எரிந்தது. கைநீட்டித் தொட்டவர்களுக்குச் சுட்டது. ஆனால் படி தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, நீட்டிய கையும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் அந்தப் படிகளில் இறங்கியவர் மூன்றாவது மாடி பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக் கஸ்பார் ஒருவர்தான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், ஐம்பத்திரண்டு வயது, எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் டீசல் வாடை போகாத மனிதர். கரையில் ஒரு படகு கிளம்ப முடியாமல் நிற்கிறது என்று அவருக்குப் போன் வந்தது, பேசி முடிப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்தது, அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்டும் போனது. படிக்கட்டின் ஒரே ஜன்னலை ஐஸ் கூடத்துச் சுவர் எப்போதோ மறைத்துவிட்டதால் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் அங்கே தடவித்தான் இறங்க வேண்டும். அதனால் அவர் மனைவியிடம் டார்ச்சைக் கேட்டார்.

மனைவி ஜெனோவா இறால் கம்பெனியில் தோலுரிக்கிற வேலை பார்க்கிறவள். காலை ஷிப்ட் முடிந்து வந்து, விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டு டார்ச் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன எல்.இ.டி. டார்ச், ரிமோட்டுக்குப் போடுகிற அளவில் மூன்று செல் கேட்கும். அதில் இரண்டை எடுத்து முந்தின நாள்தான் அவள் டி.வி. ரிமோட்டுக்குப் போட்டிருந்தாள்.

"ஒரு டார்ச்ச ஒழுங்கா வைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றார் கஸ்பார்.

அதற்கு அவள் ஒன்று சொன்னாள், அவர் ஒன்று சொன்னார், அதிலிருந்து அவருடைய அம்மா செத்த வருடத்துச் சண்டைக்குப் போனார்கள், அங்கிருந்து குழந்தை தங்காமல் போன வருடத்துக்குப் போனார்கள், கடைசியில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது ஜெனோவா உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"இருபத்தாறு வருசமா ஏறி இறங்குத படிதான. இருட்டுலயே போங்க. அப்படியே போங்க."

அவர் போனார். செருப்புச் சத்தம் இறங்கியதை எதிர்வீட்டு மகேஸ்வரி கேட்டிருக்கிறாள். ஆனால் கீழே, கட்டடத்து வாசலை அடைத்தபடி வடைச்சட்டி போட்டு உட்கார்ந்திருக்கிற சொர்ணத்தாய், அவர் வெளியே வரவே இல்லை என்றாள். பதினாறு வருடமாக எங்களில் யார் எப்போது போகிறோம், எப்போது வருகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். அவள் சொன்னால் சொன்னதுதான். போலீஸ்காரர் ஒருவர் வந்தார், இருட்டுக்குள் காலால் எண்ணிப் பதினெட்டுப் படி என்று எழுதிக்கொண்டார், படகுக்காரரைப் போய் விசாரித்தார், கடற்கரையில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். கஸ்பார் எங்கேயும் இல்லை.

முதல் வாரம் நாங்கள் பயந்தோம். இரண்டாவது வாரம் எரிச்சல்பட்டோம். மூன்றாவது வாரத்தில் பழகத் தொடங்கினோம்.

எலெக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றினான், சுவிட்சை மாற்றினான், மாட்டிய புது பல்பு மேலும் அதிகமாகச் சுட்டது, அவ்வளவுதான். மெழுகுவர்த்தி கொண்டுபோனால் சுடர் இருக்கிற இடம் சூட்டால் தெரியும், கண்ணால் தெரியாது. செல்போன் வெளிச்சம் இரண்டாவது மாடி முடிகிற இடத்தில் கத்தரித்ததுபோல நின்றுவிடும். செல் போட்ட சின்ன டார்ச்சுக்கு மட்டும், அதுவும் கைக்குள் அடங்குகிற டார்ச்சுக்கு மட்டும், அந்த இருட்டு கொஞ்சம் வழி விட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது மூன்றாவது மாடிக்குச் சிலிண்டர் தூக்குகிற ஆள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சிலிண்டரோடு ஏறிப் போய், எதுவும் நடக்காததுபோல இறங்கி வந்தார்.

அதன்பிறகு இரண்டாவது மாடி முடிவில் ஓர் ஆணி அடித்தோம், மூன்றாவது மாடித் தொடக்கத்தில் ஓர் ஆணி அடித்தோம், இரண்டிலும் டார்ச் தொங்கவிட்டோம். ஏறுகிறவர் கீழே எடுத்து மேலே மாட்ட வேண்டும், இறங்குகிறவர் மேலே எடுத்துக் கீழே மாட்ட வேண்டும். இரண்டு டார்ச்சும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் மறுபக்கத்துக்காரர் கூப்பாடு போடுவார், யாராவது கொண்டுபோய்க் கொடுப்போம். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் செல்லைப் பற்றிப் பேசத் தொடங்கியது அப்போதுதான். மலிவான செல் நாலு நாளில் செத்துப்போகிறது என்றார் ஒருவர். விலைகூடிய செல் பளிச்சென்று எரிகிறது, ஆனால் ஒரு மாதம் போடாமல் வைத்திருந்தால் உள்ளே கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடிக்கிறது என்றார் இன்னொருவர். உலகத்தில் மற்ற இடங்களில் ஆட்கள் மழையைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் நாங்கள் செல்லைப் பற்றிப் பேசினோம்.

இதற்கு நடுவில், அந்தப் படிகளில் எப்போதும் யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் செருப்புச் சத்தம், ஒரு படி, இன்னொரு படி, அப்புறம் தயக்கம், அப்புறம் இன்னொரு படி. பதினெட்டே படிதான், ஆனால் சத்தம் ஆடியில் இறங்கியது, ஆவணியில் இறங்கியது, ஐப்பசி மழையிலும் இறங்கிக்கொண்டே இருந்தது, கீழே வந்து சேரவில்லை. வலதுபக்கச் சுவரோரம் போனால் டீசல் வாடை அடிக்கும். அதனால் நாங்கள் இடதுபக்கமாகவே ஏறினோம், இடதுபக்கமாகவே இறங்கினோம், பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். புதிதாக வந்த விருந்தாளி வலதுபக்கம் ஒதுங்கினால், "இந்தப் பக்கம் வாங்க, அங்கன கஸ்பார் இறங்குதாரு" என்று சாதாரணமாகச் சொன்னோம். எங்கள் கட்டடத்துச் சங்கத் தலைவர் பிச்சையா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், மகேஸ்வரியின் மாமனார், அவரும் கஸ்பாரும் ஒன்றாகக் கால்பந்து பார்க்கிறவர்கள்; அவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படியில் நின்று, முந்தின நாள் ஆட்டத்தில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று இருட்டுக்குச் சொல்லிவிட்டு ஏறுவார்.

ஜெனோவா படியில் நின்று எதுவும் பேசியதில்லை. காலையில் இறங்கினாள், மூன்று மணிக்கு ஏறினாள். நாங்கள் கஸ்பாருக்கு வழி விட்டு ஒதுங்கியபோது அவள் ஒதுங்கவில்லை. வலதுபக்கச் சுவரைத் தடவியபடி, அந்தச் செருப்புச் சத்தத்துக்கு நடுவிலேயே ஏறுவாள். அவள் தோள்மேல் எதுவும் இடித்ததில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் ஆணியில் தொங்கிய டார்ச்சில் செல் கிட்டத்தட்டச் செத்திருந்தது. அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்தவள் அதையே எடுத்துக்கொண்டு ஏறினாள். பாலை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கியதுபோன்ற ஒரு வெளிச்சம், அவள் கால் பெருவிரலைக் காட்டுவதற்கே திணறியது. மேலிருந்து எண்ணினால் எட்டாவது படியில் அவள் பார்த்தாள். நீலக்கட்டம் போட்ட லுங்கியின் ஓரம். இரண்டு கால். சுவரில் ஊன்றிய கை, நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். இடதுகால் அடுத்த படியைத் தேடி முன்னால் துழாவியது, கிடைக்காமல் திரும்பி வந்தது, மறுபடி துழாவியது.

அவள் கூப்பிடுவதற்குள் டார்ச் அணைந்துவிட்டது.

மறுநாள் புதுச் செல் போட்டுக்கொண்டு ஓடினாள். படி தெரிந்தது, எச்சில் துப்பிய சுவர் தெரிந்தது, மூலையில் யாரோ போட்ட மிட்டாய்த் தாள் தெரிந்தது. அவர் இல்லை. வெளிச்சம் இருந்த அத்தனை நேரமும் செருப்புச் சத்தமும் இல்லை. அணைத்த பிறகு கேட்டது, ஆனால் முன்பைவிடச் சன்னமாக.

அதே வாரத்தில்தான் பிச்சையாவும் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்சாமான் விற்கிற ஒருவரிடமிருந்து லித்தியம் செல் வாங்கி வந்தார். மகேஸ்வரிக்கு அப்போது எட்டாம் மாதம் முடிகிற நேரம், இருட்டு வந்த ஆடியில் தலை சுற்றுகிறது என்று படுத்தவள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தச் செல்லைப் போட்டு டார்ச்சைத் தட்டியதும் படிக்கட்டு முழுக்க வெள்ளையாகத் திறந்துகொண்டது. எட்டு மாதத்தில் முதல்தடவையாக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் அந்தப் படிகளில் பார்த்தோம். பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடினார்கள். மூன்று நாள் அதை எரியவிட்டோம். மூன்றாவது நாள் அணைத்துப் பார்த்தபோது இருட்டு பாதி வெளுத்திருந்தது, டீசல் வாடை மட்டும் லேசாக இருந்தது. செருப்புச் சத்தத்தைக் கேட்கக் காதைச் சுவரில் வைக்க வேண்டியிருந்தது.

ஜெனோவா பிச்சையாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த வெளிச்சத்தப் போடாதீங்க."

"என்னம்மா சொல்லுத?"

"அவுக கரைஞ்சு போறாக. நான் பாத்தேன். எட்டாவது படியில நிக்காக. கால் வைக்க எடம் தெரியாம நிக்காக."

உள்ளே மகேஸ்வரி கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

"கஸ்பார் எனக்கும் கூட்டாளிதான் தாயி," என்றார். "ஆனா இந்தப் பிள்ளைக்கு வலி எடுத்தா நாலு பேர் தூக்கித்தான் எறக்கணும். கைக்குள்ள இருக்குத மினுக்கட்டான் பூச்சி வெளிச்சத்துல எப்படி எறக்குவேன்? வழுக்கி விட்டா ரெண்டு உசுரு."

அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அணைச்சு வைக்கேன்," என்றார் பிச்சையா. "அதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ. அதுக்கு மேல என்னால முடியாது."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அடுத்த நாளே அவள் ரிமோட்டிலிருந்து பாதி தீர்ந்த இரண்டு செல்லையும் கழற்றி, அதோடு கூட இன்னொரு பழையதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். மங்கலான வெளிச்சத்தில் மறுபடி அவர் கால்கள் தெரிந்தன, எட்டாவது படியில் அல்ல, அதற்கும் கீழே பதினோராவதில். அவள் வெளிச்சத்தை அவர் காலுக்குப் பின்னால், மேல்படியில் விழும்படி பிடித்தாள். கால்கள் நின்றன. பிறகு திரும்பின. ஒரு படி ஏறின, இரண்டு, மூன்று, நாலு. அப்போது வெளிச்சம் சுருங்கி அணைந்தது. இருட்டில் அவர் தடுமாறுகிற சத்தம் கேட்டது, செருப்பு சறுக்கியது, சத்தம் கீழே கீழே போனது. அன்று சாயங்காலம் சொர்ணத்தாய், முதல்மாடித் திருப்பம் வரைக்கும் இருட்டும் டீசல் வாடையும் இறங்கி வந்துவிட்டன என்றாள். அங்கிருந்து வாசல் இருபது படிகூட இல்லை. வாசலைத் தாண்டினால் அவர் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய மீன்மார்க்கெட் தெருவில் பீர்முகம்மது என்று ஒருவர் டார்ச்சும் கடிகாரமும் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் கட்டடத்துச் செல் எல்லாம் அங்கேதான் வாங்குவோம். நாற்பது வயதிருக்கும், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டே பேசுகிறவர். வியாழக்கிழமை ஜெனோவா போய் அவர் முன்னால் டார்ச்சை வைத்தாள்.

"பாய், இதுக்குச் செல் வேணும். வெளிச்சம் கம்மியா இருக்கணும். ஆனா சாகக் கூடாது."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் இதுக்கு நேர்மாறாக் கேப்பாக அக்கா."

"எனக்கு இப்படித்தான் வேணும்."

"எவ்வளவு கம்மி?"

அவள் கடையின் உள்பக்கத்துக்குப் போய், பெட்டிகள் அடுக்கிய இருட்டு மூலையில் தன் கையை நீட்டினாள். "விரல் தெரியணும். ரேகை தெரியக் கூடாது."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"பதினெட்டுப் படி. அதுக்கப்புறம் எவ்வளவு நேரமோ தெரியாது."

பீர்முகம்மது எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் படிக்கட்டைப் பற்றி ஊரில் தெரியாதவர் கிடையாது. ஒவ்வொரு செல்லாக எடுத்துப் போட்டார், அவள் கையைப் பார்த்தாள், தலையாட்டினாள். மலிவான செல்லில் முதலில் ரேகை தெரிந்தது, பிறகு விரலே தெரியாமல் போனது. விலைகூடிய செல்லில் ரேகை மட்டுமல்ல, இறால் முள் குத்திய தழும்புகூடத் தெரிந்தது. முந்தின நாள் பழைய செல்களைக் கலந்து போட்டு வெளிச்சம் பாதியில் நின்றதைச் சொல்லி, பழையதையும் புதியதையும் கலந்து போட்டுப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது அவர் வேண்டாம் என்றார்.

"அந்தத் தப்ப மட்டும் செய்யாதீங்க. மூணும் ஒரே வயசா இருக்கணும். ஒண்ணு செத்தது இருந்தா மத்த ரெண்டையும் உறிஞ்சிரும். நேத்து அப்படித்தான் நின்னுருக்கும்."

கடைசியில் மேல்தட்டிலிருந்து சார்ஜ் போடுகிற செல் ஒரு ஜோடியும் தனியாக ஒன்றும் எடுத்தார்.

"சாதா செல் ஒண்ணு ஒன்றரை வோல்ட்டு. மூணு சேந்தா நாலரை. இது ஒண்ணேகாலுக்கும் கீழ. மூணு சேந்தாலும் மூணரைக்குக் கொஞ்சம் மேலதான் வரும். அதனால இந்த டார்ச்சுல மங்கலாத்தான் எரியும், எல்லாரும் அதக் கொறையாச் சொல்லித் திருப்பிக் கொண்டாருவாக. ஆனா ஒரு கொணம் உண்டு. மத்த செல் எடுத்த நிமிசத்துலருந்து கொறைஞ்சுக்கிட்டே வரும். இது கொறையாது. மொதல் படியில எப்படி எரியுதோ அப்படியே கடைசிப் படியிலயும் எரியும்."

"தீந்தா?"

"தீரும்போது சொல்லாமத் தீந்துரும்," என்றார் அவர். "அது ஒண்ணுதான். சார்ஜ் போட்டு எடுத்த உடனே போடாதீங்க, கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கும். ஒரு நாள் சும்மா கெடக்கட்டும், பெறகு போடுங்க."

அவள் வெள்ளிக்கிழமை சார்ஜ் போட்டாள். சனிக்கிழமை முழுக்க அந்த மூன்று செல்லும் மாதா படத்துக்கு முன்னால் சும்மா கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் வந்துவிட்டோம். டி.வி.க்களை அணைத்தோம். சொர்ணத்தாய் அடுப்பைக் குறைத்துவிட்டு ஏறி வந்தாள். முதல்மாடித் திருப்பத்துக்கும் கீழே, இருட்டு தொடங்குகிற இடத்துக்கு வெளியே நாங்கள் நின்றோம். ஜெனோவா இடதுபக்கமாக இறங்கி, எங்களுக்கு மிக அருகில் வந்து, அங்கிருந்து திரும்பி டார்ச்சைத் தட்டினாள்.

எங்களுக்கு ஒரு மங்கல் தெரிந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கால்கள் தெரிந்தன. நாங்கள் கேட்டது குரல்களை.

"யாரது?" என்றது அவர் குரல். தூரத்திலிருந்து வந்ததுபோல் இல்லை, பக்கத்தில் நிற்கிற ஆள் கேட்பதுபோல இருந்தது. பிச்சையா என் தோளைப் பிடித்தார்.

"நான்தான்."

"கரண்ட் எப்ப வரும்?"

ஜெனோவா டார்ச்சை அவர் காலருகே தாழ்த்திப் பிடித்தாள்.

"வந்துரும்," என்றாள்.

"படகுக்காரன் காத்திருப்பான். இந்தப் படி எங்க முடியுதுன்னே தெரியல. நீ இருட்டுலயே போன்னு சொல்லிட்ட."

"சொன்னேன்."

"நானும் கோவத்துல எறங்கிட்டேன்."

"மேல வாங்க. காலுக்கு வெளிச்சம் காட்டுதேன். காப்பி குடிச்சிட்டு, கரண்ட் வந்த பெறகு போகலாம்."

"மேலயா?"

கீழே வாசல் இருந்தது, வாசலுக்கு வெளியே மாசி வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது, அவள் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் அவர் இறங்கிப் போயிருப்பார், எட்டு மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த வழியைத்தான். அவள் திருப்பவில்லை. அதற்காக எங்களில் சிலர் பிற்பாடு அவளைக் குறை சொன்னோம்.

"மேலதான்," என்றாள். "நம்ம வீடு மேலதான இருக்கு."

செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது. அவர் ஏற ஏற இருட்டும் ஏறியது. ஈரத்துணியைத் தரையிலிருந்து உரித்தெடுப்பதுபோல அது ஒவ்வொரு படியாகக் கழன்று, அவர் குதிகாலைப் பிடித்தபடி மேலே போனது. அது விட்டுப்போன படிகளில் பல்பு வெளிச்சம் மஞ்சளாக விழுந்தது. ஒரு படி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது, இரண்டாவது கிடைத்தது, நாங்கள் பின்னாலேயே ஒவ்வொன்றாக ஏறினோம். இரண்டாவது மாடியைத் தாண்டி, அந்தப் பதினெட்டில் கீழிருந்து பன்னிரண்டாவது படியில் சத்தம் நின்றது. அவள் கையிலிருந்த வெளிச்சம் குறையவில்லை. பிறகு பதின்மூன்று, பதினான்கு. பதினெட்டாவது படியும் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தபோது, மூன்றாவது மாடியில் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வாசலுக்கு முன்னால், ஓர் ஆள் உயரத்துக்கு, ஓர் ஆள் அகலத்துக்கு, அத்தனை இருட்டும் சேர்ந்து நின்றது. அதன் அடியில் இரண்டு செருப்பு தெரிந்தது.

"தாயி," என்றார் பிச்சையா, குரலைத் தாழ்த்தி. "உள்ள விடாத. வெளியிலயே நிக்கட்டும். நாங்க ஏதாவது ஏற்பாடு பண்ணுதோம்."

ஜெனோவா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவுக வீட்டுக்கு வந்திருக்காக அண்ணாச்சி," என்றாள். கதவைத் திறந்துவிட்டாள். இருட்டு தலையைக் கொஞ்சம் குனிந்து, கஸ்பார் எப்போதும் குனிகிறதுபோலவே குனிந்து, உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

நாலாவது நாள் மகேஸ்வரிக்கு வலி எடுத்தது. நாற்காலியில் உட்காரவைத்து, பல்பு வெளிச்சத்தில், வலதுபக்கம் இடதுபக்கம் பார்க்காமல் இறக்கினோம். பெண் குழந்தை பிறந்தது. ஆணிகளைப் பிடுங்கிவிட்டோம், துளைகளில் சுண்ணாம்பு அடைத்தோம்.

பன்னிரண்டாம் நம்பர் வீட்டின் இரண்டு ஜன்னலும் திறந்தே இருந்தன. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் நடுப்பகலிலும் அவை கறுப்புப் பெயின்ட் அடித்த பலகைபோல இருந்தன. காக்கை அந்த ஜன்னலில் உட்காருவதில்லை. ஜெனோவா வழக்கம்போல வேலைக்குப் போனாள், மூன்று மணிக்கு வந்தாள். பீர்முகம்மதுவிடம் இன்னும் மூன்று செல் வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்குள் பிளக்கில் எதைச் செருகினாலும் சூடானதே தவிரச் சார்ஜ் ஏறவில்லை, அதனால் சார்ஜர் கீழே சொர்ணத்தாயின் வீட்டில் இருந்தது. மூன்று செல் அங்கே ஏறிக்கொண்டிருக்கும், மூன்று செல் மேலே எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் அவள் சோறு பொங்கினாள், துணி மடித்தாள். உள்ளே எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "நாற்காலியில இருக்காக" என்பாள். முகம் தெரிகிறதா என்று சொர்ணத்தாய் ஒருதடவை கேட்டாள். "முட்டு வரைக்கும் தெரியும்," என்றாள் ஜெனோவா. "அதுக்கு மேல நான் டார்ச்சத் தூக்குறதில்ல." ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை அவர் கரண்ட் எப்போது வரும் என்று கேட்பாராம். ஒவ்வொரு தடவையும் வந்துரும் என்பாளாம்.

வைகாசியில் ஒருநாள் கம்பெனியில் சரக்கு அதிகம் வந்து அவளை ஆறு மணி வரைக்கும் நிறுத்திவிட்டார்கள். பிறகு நடந்ததை அவள் ஒரே ஒருதடவைதான் சொன்னாள், சொர்ணத்தாயிடம். வீட்டுக்குள் அணைக்காமல் வைத்துவிட்டுப் போன டார்ச்சில் செல் தீர்ந்திருந்தது, சொல்லாமல் தீர்ந்திருந்தது. சொர்ணத்தாய் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள், அவள் வீடு பூட்டியிருந்தது, மாற்றுச் செல் உள்ளே இருந்தது. ஜெனோவா தன் வீட்டுக் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ அவர் தனியாக இருட்டில் இருந்திருக்கிறார்.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்."

"செல் தீந்து போச்சு. பயந்துட்டீங்களா?"

"மொதல்ல பயந்தேன்," என்றார் அவர். "பெறகு கண்ணு பழகிருச்சு. இப்ப எல்லாம் தெரியுது. நீ அங்கனயே நிக்காத, உள்ள வா."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"நான் சொல்லுதேன். ரெண்டு எட்டு நேரா வா. இடது கைப்பக்கம் நாற்காலி இருக்கு, இடிச்சுக்காத. ஒன் கைல ரத்தம் இருக்கு ஜெனோவா, முள்ளு குத்திருச்சா?"

குத்தித்தான் இருந்தது. அவள் அதுவரை கவனிக்கவில்லை. அவள் கையை நீட்டினாள், ஒரு கை வந்து அதைப் பிடித்தது, வழுவழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, மார்கழி மாதத்து உப்பளம்போலச் சில்லென்று. அவள் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நினைத்து அழுதாள். அவர் கையை விடவில்லை.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய சொர்ணத்தாய் ஜெனோவா செல் தேடி வந்துபோனதைக் கேள்விப்பட்டு, சார்ஜ் ஏறிய மூன்று செல்லையும் கையில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஜெனோவாவின் முகம் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே நீண்டிருந்த கைவிரல்கள் மட்டும் தெரிந்தன.

"செல் கொண்டாந்தேன்ம்மா. டார்ச்ச எடு."

"இனி வேண்டாம்க்கா. அவுக பாத்துக்கிடுதாக."

சொர்ணத்தாய் செல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்போது உள்ளேயிருந்து கஸ்பாரின் குரல், விருந்தாளி வந்தால் கேட்கிற அதே குரலில் கேட்டது.

"யாரு வந்திருக்கா?"

"சொர்ணத்தாய் அக்கா."

"வாசல்ல நிக்க வச்சுப் பேசுதியே. உள்ள வரச் சொல்லு."

சொர்ணத்தாய் அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அன்றைக்கு அவள் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அதன்பிறகு அந்தக் கதவு மூடி நாங்கள் பார்த்ததில்லை. ஜெனோவா வேலைக்குப் போகிறாள், வருகிறாள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறாள், வீட்டுக்குள் போகும்போது மட்டும் அவள் முகம் தெளிகிறது. மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிறவர்கள் பன்னிரண்டாம் நம்பர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிறபோது உள்ளேயிருந்து கஸ்பார் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மகேஸ்வரியை, அவள் இடுப்பிலிருக்கிற குழந்தையை, சிலிண்டர் தூக்குகிற ஆளை, என்னை. அவருக்கு எல்லோரையும் தெரிகிறது. உள்ள வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகலாம் என்பார். கோபமாகவோ கெஞ்சியோ அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறதுபோலத்தான். மரியாதைக்காக நாங்களும் நிற்போம். பிச்சையா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் அதிகநேரம் நின்று கோல் கணக்குச் சொல்வார், இந்தக் கார்த்திகையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்த பிறகு இன்னும் அதிகநேரம் நிற்கிறார்.

"இன்னைக்கு நேரமில்ல கஸ்பார்," என்போம். "இன்னொரு நாள் வாரோம்."

அப்படிச் சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை.